மண் கழிவு

விசுவமடுவில் றெட்பானாப் பக்கம் திரும்பினால்
தகர வேலிக்குள் எங்கள் தராசு.
சைக்கிளில் வருவதை நிறுத்து,
எழுதி, காசு கொடுப்பது என் வேலை.
பலகையில் விலை இருக்கிறது:
பித்தளை, செம்பு, அலுமினியம், தடித்த இரும்பு, தகரம்.
நாடுகளுக்கென்று தனி விலை இல்லை.

வந்த புதிதில் கோதுகளின் அடியைத் துடைத்து
எழுத்துப் பார்ப்பேன்.
குச்சி குச்சியாய்க் கூரை போட்ட எழுத்து ஒன்று.
கண்ணாடிக்குள் நிற்பதுபோல் திரும்பி நின்றது ஒன்று.
இங்கிலீசிலும் இருந்தன,
லொட் இலக்கம், ஆண்டு, பிறகு ஒரு நட்சத்திரம்.
ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதாக
வானொலியில் கேட்ட நாடுகள்தான் எல்லாம்.
இங்கே ஒரே உரப்பையில் வந்தன,
ஒரே கரியரில், ஒரே றப்பர்க் கயிற்றுக்குள்.
காந்தம் எல்லாவற்றையும் ஒரே மாதிரித்தான் இழுத்தது.

கணக்குக் கொப்பியும் நிறுவைக்கு வந்ததுதான்.
யாரோ ஒரு பிள்ளையின் வரலாற்றுக் கொப்பி,
பாதி எழுதாதது.
இடப்பக்கம்:
முதலாம் உலகப் போருக்கான காரணங்கள்.
ஒன்று, தீவிர தேசியவாதம்.
இரண்டு, வல்லரசுகளின் போட்டி.
மூன்று
அதற்குமேல் இல்லை.
மணி அடித்திருக்கலாம்.
வலப்பக்கம் என் கையெழுத்து:
நகுலேஸ், தடித்தது, பதினெட்டரைக் கிலோ.

நானும் மேடைக்கு முன்னால் நின்றவள்தான்.
பதினாறு வயதில்
தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன்.
அந்தப் பக்கமும் ஒரு மேடை இருந்திருக்கும்,
என் வயதில் ஒருத்தியும்.
எங்கள் இரண்டு தொண்டைகளும் கட்டிய கிழமை
தூரத்து ஊரொன்றில், குளிரூட்டிய அறைக்குள்
எவனோ இரண்டு பற்றுச்சீட்டு எழுதினான்.
அவனும் கணக்குப்பிள்ளைதானே.
அவனை முழுதாக வெறுக்க
எனக்கு வருவதில்லை.

போன மாசியில்
துரைச்சிங்கம் அண்ணை போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தார்.
"எங்கையோ பெரிய ஆக்கள் ரெண்டு பேருக்குக் கொழுவலாம், பிள்ளை.
கிலோவுக்கு இருபத்தைஞ்சு ஏறிப்போச்சு.
பலகையை அழி."
அழித்தேன். எழுதினேன்.
அன்றிரவே வளவுகளில் மண்வெட்டிச் சத்தம்.
கிணற்றடியில், மாட்டுப்பட்டியில்,
விட்டுவிட்டுப் போன பங்கர்களுக்குள்.
நகுலேஸ் தன் வாசற்படியையே பெயர்த்துக்கொண்டு வந்தான்.
பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய கோது ஒன்றும் வந்தது,
கயிற்றோடு.
யார் கழற்றியது என்று நான் கேட்கவில்லை.
நிறுத்தேன்.

லொறிக்கார விமலசேனவுக்குத் தமிழில் எண்கள் மட்டும் தெரியும்.
எனக்குச் சிங்களத்தில் எண்கள் மட்டும்.
எங்களுக்குள் ஒருநாளும் பிழை வந்ததில்லை.
எங்கே போகிறது என்று சைகையில் கேட்டேன்.
கையால் அலை காட்டினார், கப்பல் காட்டினார்.
அதற்கு அப்பால்?
அதற்கு எங்களிடம் எண் இல்லை.

உருக்குவார்கள்.
கட்டில் காலாகலாம், பாலத்துக் கம்பியாகலாம்.
இப்படி அவதிப்பட்டு விலை ஏற்றுபவன்
கட்டில் செய்வதில்லை என்று
அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஏதோ ஒரு ஊரின் கூரையை
நான் கிலோக் கணக்கில் ஏற்றி அனுப்புகிறேன்.
கூடிய காசில் மகனுக்குச் சப்பாத்து வாங்கினேன்,
ஒரு அளவு பெரிதாக,
அடுத்த வருசமும் போடலாம்.

ஒன்று சொல்ல மறந்துபோனேன்.
இரும்பில் ஒட்டிவரும் மண்ணுக்கு
நாங்கள் காசு கொடுப்பதில்லை.
தட்டுவோம், சுரண்டுவோம்,
போகாவிட்டால் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்போம்.
கொப்பியில் அதற்கென்றே ஒரு வரி:
மண் கழிவு, நாற்பத்திரண்டு கிலோ.

அதற்காகத்தான் கத்தினோம், அந்தப் பக்கத்துக்காரியும் நானும்.

பின்னேரம் லொறி போனபின்
தராசடியைக் கூட்டி அள்ளி
வேலிக்கு வெளியே கொட்டுகிறேன்.
குவியல் இடுப்பளவு வந்துவிட்டது.
இதுவரை அதற்கு
ஒருவரும் போட்டிக்கு வரவில்லை.